எல்லாவற்றுக்கும் ஒரே தோட்டா

உங்கள் வீட்டு ஆண்கள் வாரக்கணக்கில் எதைப் பற்றிக் கதைப்பார்கள்? கிரிக்கெட்? அரசியல்? எங்கள் மருதமுனை வீட்டில் போன மாதம் முழுக்க ஒரே கதை – தோட்டா!

நாவிதன்வெளியில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. வீட்டுச் சோறு அதில்தான். நெல் முற்றுகிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் இறங்கிவிட்டன. என் வீட்டுக்காரரிடம் பயிர்க் காவலுக்கென்று அனுமதி எடுத்த துவக்கு இருக்கிறது. தோட்டாதான் இல்லை. போய் வாங்க வேண்டியதுதானே? அதுதான் இல்லை! கிளி, குரங்கு, பன்றி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வகைதான் வாங்குவாராம். அந்த ஒன்று எது?

என் காக்கா, அதாவது மூத்த சகோதரர், அஸர் தொழுத கையோடு வந்து குந்துவார்.

"எஸ்.ஜி. எடு மச்சான். பெரிய குண்டு. ஒரு வெடியோட சரி."

"அதால கிளிக்கு அடிக்கேலுமா? நாலாம் நம்பர் எண்டா பொடிக் குண்டு, பரவிப் போகும்" என்பார் வீட்டுக்காரர்.

"பொடிக் குண்டு பன்றிக்குச் சொறிஞ்சி விட்ட மாதிரி இரிக்கும்!"

நான் பிளேன்டீ ஊற்றியே களைத்தேன். அங்கே வயலின் ஒரு மூலை முழுக்க உழக்கப்பட்டுக் கிடந்தது. "எதையாவது வாங்கித் தொலைங்களன்!" என்று கத்தினேன். "இது உனக்கு விளங்காது புள்ள" என்றார் காக்கா. எரிச்சல் வருமா, வராதா?

கடைசியில் எஸ்.ஜி. வென்றது. பொழுது சாய, மஹ்ரிபுக்குச் சற்று முன் ஒரே வெடி... பெரிய பன்றி நடு வயலில் சாய்ந்தது. இரண்டு பேருக்கும் அன்றிரவு கால் நிலத்தில் படவில்லை.

மறுநாள் காலை நெல் வெட்டும் மெஷின் வந்தது. ஓட்டுகிறவர் நடு வயலைப் பார்த்தார். வரம்பிலேயே நிறுத்திவிட்டார்.

"அத எடுங்க காக்கா. மறுகாதான் நான் இறங்குவன்."

யார் எடுப்பது? எங்கள் மார்க்கப்படி, தொட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். சோற்றுக்கு முன்னால் பெயரைக்கூடச் சொல்லாமல் 'அது' என்கிற ஆட்கள் நாங்கள். வீட்டுக்காரர் காக்காவைப் பார்த்தார். காக்கா வானத்தைப் பார்த்தார்.

பக்கத்து வயல் கணேசண்ணர் இருக்கிறாரே! ஆசையோடு ஃபோன் எடுத்தேன். வேறு நாளென்றால் அவரே கறிக்குத் தூக்கிக்கொண்டு போவார்.

"தங்கச்சி, கோயில்ல கொடி ஏறிட்டு. வீட்டில எல்லாரும் விரதம். மச்சம் மாமிசம் தொடமாட்டம். குறை நினைக்காதங்க."

மெஷின்காரருக்கோ அடுத்த வயல் காத்திருந்தது. "இண்டைக்கு விட்டா, மறுகா எப்ப எண்டு சொல்லேலா ராத்தா." முற்றிய நெல் கொட்டத் தொடங்கியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மாதம் வாய் ஓயாமல் கதைத்தார்களே... எப்படி விழுத்துவது என்று யோசித்தவர்கள், விழுந்ததை யார் தூக்குவது என்று யோசித்தார்களா? ஒரு தரம்?

என் முகத்தைப் பார்த்து மெஷின்காரர் இரங்கினார். அதைச் சுற்றி வட்டமாக விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டித் தந்தார். இப்போது வெறும் வயலுக்கு நடுவே ஒரு வட்டம் நெல் மட்டும் நிற்கிறது. ரோட்டில் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறார்கள்.

வீட்டுக்காரரும் வரம்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். வெட்கப்படுகிறாராக்கும் என்று நினைத்தேன்.

"தோட்டாவிலதான் புள்ள பிழை. எஸ்.ஜி. கடுமை கூட. வெடி பட்டும் ஓடிப்போய்க் கணேசண்ணர்ர வயலில விழுற மாதிரி ஒண்டு பாக்கணும்."

துவக்கை ஒளித்து வைக்க நல்ல இடம் யாருக்காவது தெரியுமா?