ஏழில் நின்ற செவ்வாய்

இந்த நாட்டில் நிலா தலைகீழாகத்தான் வருகிறது. மெல்பேணுக்கு வந்த புதிதில் ஒருநாள் காயப்போட்ட துணி எடுக்கப் பின்வளவுக்குப் போனேன். நிலாவுக்குள் முயல் காலை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. எனக்குத்தான் தலை சுற்றுகிறதாக்கும் என்று உள்ளே ஓடித் தண்ணீர் குடித்தேன். பூமியின் கீழ்ப்பாதியில் நிற்கிறோம், அதனால்தான் அப்படி என்று கணவர் விளக்கினார். விளங்கியது. விளங்கி என்ன, இன்றைக்கும் முழுநிலவு வந்தால் கழுத்தைச் சரித்துத்தான் பார்க்கிறேன். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். இங்கே வந்தவர்களைக் கேளுங்கள், அவரவருக்கு ஒரு கழுத்துச் சுளுக்கு இருக்கும்.

பக்கத்து வீட்டுக் கெவின் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர், தனியாள். கை நீளத்துக்கு ஒரு சின்னத் தொலைநோக்கி வைத்திருக்கிறார். வானம் வெளித்த நாட்களில் அதை முக்காலியில் பூட்டிக்கொண்டு, வேலிக்கு மேலால் என்னையும் கூப்பிடுவார். சமையல் கிடக்கிறது, நாளைக்கு வேலை என்று சாட்டுச் சொல்லித் தப்பிவிடுவேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் நானாகவே போனேன். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் மட்டக்களப்பில், தன்னாமுனையிலிருந்து என் தங்கை சுகி போன் எடுத்திருந்தாள்.

“அக்கா, செட்டிபாளையத்தாக்கள் சரிவராதெண்டு சொல்லிட்டாங்க.”

“என்னத்துக்காம்?”

“வேறென்னத்துக்கு? ஏழில செவ்வாய். அந்த அம்மாக்கு ஒரே மகனாம்.”

அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏழாம் இடத்தில் செவ்வாய் நின்றால் கட்டியவனின் உயிருக்கு ஆகாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. இதோடு மூன்றாவது சம்பந்தம் முறிந்துபோனது. இந்த மாப்பிள்ளை இரண்டு மாதமாகப் போனில் கதைத்தவர், சாத்திரமெல்லாம் தான் பார்ப்பதில்லை என்று வீரம் பேசியவர். கடைசியில் தாயின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அம்மா வீட்டைச் சுகியின் பேரில் எழுதி, ஒரு அறையும் கூட்டிக் கட்டி, ஜன்னலுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்து வைத்திருக்கிறார். அந்த அறையில் இப்போது நெல்மூட்டை கிடக்கிறது. சுகிக்கு முப்பத்தைந்து வயது.

கெவின் தொலைநோக்கியைத் திருப்பிவிட்டு, “இதைப் பார், செவ்வாய்” என்றார். குனிந்து கண்ணை வைத்தேன். மஞ்சாடிக் கொட்டை அளவில் ஒரு சிவப்பு, குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. அட அறுவானே, நீயா? இத்தனை தூரத்தில் உன் பாட்டில் கிடக்கிற உனக்குத் தன்னாமுனையில் என்ன வேலை? வாய்விட்டே ஏசிவிட்டேன்.

கெவின் திடுக்கிட்டார். என் தங்கையின் கல்யாணத்தை மூன்று தரம் நிறுத்தியது இதுதான் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டி, தானும் பேப்பரில் ராசிபலன் பார்ப்பதுண்டு, போன கிழமை அதிர்ஷ்டம் என்று போட்டிருந்தது, அன்றைக்குத்தான் தன் ஃபிரிட்ஜ் பழுதானது என்றார். இந்த மனுசனுக்கு எதைச் சொல்லி விளங்கப்படுத்த? பிறகு சும்மா ஒரு கதைக்குக் கேட்பதுபோல் கேட்டார். “அவள் பிறந்தபோது செவ்வாய் எங்கே நின்றது என்று எப்படித் தெரியும்?” பிறந்த நேரத்தை வைத்துக் கணிப்பது என்றேன். “அந்த நேரம் சரிதானே?”

என் புருஷனுக்குக்கூடச் சொல்லாததை அந்த மனுசனிடம் சொன்னேன். ஊரில் பிரச்சினை மூண்டு, நாங்கள் தோணியில் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போயிருந்த நேரம். அப்பாவுக்குத் தெரிந்த போடியார் ஒருவர், பெரிய நிலக்காரர், தன் வட்டையில் வயற்காவலுக்குப் போட்டிருந்த குடிலில் இருக்கவிட்டார். அங்கேதான் ஒரு இரவு அம்மாவுக்கு வலி வந்தது. அப்பாவின் கைமணிக்கூடு தோணியில் நனைந்து நின்றுபோயிருந்தது. உள்ளேயிருந்து மருத்துவிச்சி “பொம்புளப் புள்ள!” என்றதும், வெந்நீர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அப்பா, “ஓடிப்போய் போடியார் ஊட்ட நேரம் கேட்டுட்டு வா புள்ள” என்றார். எனக்கு எட்டு வயது. வரம்பால் பாதித் தூரம் போயிருப்பேன், அக்கரையில் வெடிச்சத்தம் கேட்டது. வாவியோரத்துக் கண்ணாப் பற்றைக்குள் புகுந்து குந்திக்கொண்டேன். அப்போதுதான் எதிரே தண்ணீருக்குள்ளிருந்து நிலா வெளியே வந்தது. பாதி நிலா, நல்ல சிவப்பு. அதைப் பார்த்துக்கொண்டே மூச்சு வரும்வரை இருந்துவிட்டு, திரும்பி வந்து, “பத்தேகால் அப்பா” என்றேன். கலண்டர் படங்களில் மணிக்கூடு எப்போதும் பத்து பத்துத்தான் காட்டும், நம்பட்டும் என்று ஐந்து நிமிடம் கூட்டினேன். அப்பா அதைச் சிகரட் பெட்டி மட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தார். சாத்திரியார் அதை வைத்துத்தான் சாதகம் எழுதினார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். நான் ஒரே பொய்யால் மூன்று கல்யாணத்தைக் கெடுத்தவள்.

கெவினுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “நிலா உதித்ததைக் கண்டாயா? அப்படியென்றால் நேரத்தைக் கண்டுபிடிக்கலாமே!” போனை எடுத்தார். பழைய நாள் எதையும் போட்டால் அன்றைய வானத்தைக் காட்டும் ஆப் ஒன்று அதில் இருந்தது. நாளைச் சொன்னேன், மட்டக்களப்பு என்றேன். திரையில் இருட்டான வானம் ஒன்று பின்னோக்கிச் சுழன்று நின்றது. அன்று அங்கே நிலா உதித்தது இரவு பதினொன்று நாற்பத்திரண்டுக்கு.

சாதகம் கணிக்கவும் இப்போது போன் போதும். நான் ஓடிய நேரத்தைக் கழித்துப் பதினொன்று முப்பத்தைந்து என்று போட்டேன். லக்கினம் ஒரு வீடு தள்ளிப்போனது. ஏழில் நின்ற செவ்வாய் ஆறில் நின்றது. தோஷம் இல்லை.

கெவின் கைதட்டினார். இனிச் சரியான நேரத்துக்கே கேக் வெட்டலாம் என்று தங்கையிடம் சொல்லச் சொன்னார். நான் அழுவதைக் கண்டு குளிர்கிறதாக்கும் என்று போர்வை எடுக்க ஓடினார். நான் எங்கள் வளவுக்குள் வந்து சுகிக்குப் போன் எடுத்தேன்.

“சுகி, ஒண்டு சொல்லணும் புள்ள. ஏசு, ஆனா போன வெச்சிராத.”

எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப எனக்குத் தோஷமே இல்லையா?”

“இல்ல புள்ள. அந்த அம்மாட நம்பரத் தா, நானே கதைக்கன்.”

“போங்கக்கா. வேணாமெண்ட பிறகு புதுச் சாதகத்தோட போனா, கள்ளச் சாதகமெண்டுதான் சொல்லுவாங்க. சாட்சிக்கு ஆர் வாற? நிலாவா?”

பிறகு அவளே சொன்னாள். “என்னில ஒரு குறையுமில்ல, எல்லாம் செவ்வாயிட வேலயெண்டுதான் இத்தன வருஷமும் மனசத் தேத்திக்கொண்டு இருந்தன். இப்ப அதையும் எடுத்துப்போட்டீங்களே அக்கா.”

அப்போதுதான் அழுதாள். பக்கத்தில் இருந்திருந்தால் அவள் அடிக்கும் அடியையாவது வாங்கியிருப்பேன். அவளுக்கு அங்கே பகல் இரண்டரை மணி. போனுக்குள் மீன்காரனின் ஹோர்ன் கேட்டது, காகம் கரைந்தது, அம்மா யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. எனக்கு மேலே நட்சத்திரம், காலுக்குக் கீழே ஈரப்புல். அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

வேலிக்கு அப்பால் கெவின் குரல் கொடுத்தார். செவ்வாய் கூரைக்குப் பின்னால் இறங்கப்போகிறது, இன்னொரு தரம் பார்க்க வருகிறாயா என்று கேட்டார்.

“வாறன்” என்றேன். அவருக்கு என்று சொன்னது, வாயில் தமிழாக வந்துவிட்டது.

தனக்குச் சொன்னதாக நினைத்து, அழுகையை நிறுத்திவிட்டுச் சுகி கேட்டாள்.

“எப்ப, அக்கா?”