படகில் போட்ட கோடும் பச்சை வண்டியும்

காலை எட்டு இருபத்தைந்துக்கு விழுப்புரம் சந்திப்பில் இறங்கினேன். நான் போக வேண்டிய ஊர் திண்டிவனம். திருச்சியில் விடியற்காலையில் கிடைத்த ரயிலில் ஏறிவிட்டேன். அது திண்டிவனத்தில் நிற்காது என்பதைப் பக்கத்து இருக்கைக்காரர் விருத்தாசலம் தாண்டியதும் சொன்னார். என் பயணங்கள் பெரும்பாலும் இந்த லட்சணத்தில்தான் திட்டமிடப்படுகின்றன. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சாலை வழியாக நாற்பது கிலோமீட்டருக்குள்தான், பேருந்தில் முக்கால் மணி நேரம் என்று அவரே ஆறுதலும் சொன்னார்.

என் தோள்பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் நான்கு பெரிய அட்டைகளும் இருந்தன. அட்டைக்கு ஒரு சீன எழுத்து. திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடியில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரங்கள் வாங்குவதற்காக நான்கு வருடம் சீனாவில் குவாங்சோ நகரத்தில் இருந்தவன் நான். அங்கே மாலை வகுப்பில் மொழி கற்றேன். சீனர்களிடம் நான்கே எழுத்தில் ஒரு முழுக் கதையை அடக்கிவிடும் மரபுத்தொடர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கும் என் பழைய நண்பன் ஆரோக்கியசாமி, அதில் ஒன்றைத் தன் மாணவர்களுக்குச் சொல்லும்படி அழைத்திருந்தான். வகுப்பு பதினொரு மணிக்கு. யாராவது அழைத்துப் பேசச் சொன்னால் நான் சும்மா இருப்பவன் அல்ல.

ரயில் நிலையத்துக்கு வெளியே இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி, ஐம்பது ரூபாய். சாம்பாரை இரண்டாவது முறை கேட்காமலே ஊற்றினார்கள். அங்கிருந்து புதிய பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்.

ஒன்பது மணி ஐந்து நிமிடம். திண்டிவனம் வழியாகச் சென்னை போகும் பேருந்து ஒன்று நின்றது. உள்ளே ஏறினால் ஏழெட்டு மனிதர்களும், மீதி இருக்கைகளில் துண்டு, கர்ச்சீப், கட்டைப்பை, ஓர் இடத்தில் ஒற்றைச் செருப்பும் உட்கார்ந்திருந்தன. ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு உரிமையாளர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஒரு கர்ச்சீப்பைச் சற்றே நகர்த்திப் பார்த்தேன். "ஆளு வருது சார்" என்று பின்னாலிருந்து மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் வந்தன. அந்த ஆள் யாரென்று அந்த மூவருக்கும் தெரியாது என்பதை நான் பந்தயம் கட்டிச் சொல்வேன். கோபத்தோடு இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருக்கலானேன்.

நடைமேடையின் சிமெண்டு பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பத்துச் சொச்சம் வயது, கழுத்தில் சிறிய சிலுவை, மடியில் வயர் கூடை, கையில் குடை. பக்கத்தில் காலியாக இருந்த ஒரு பேருந்துத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த திண்டிவனம் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"இப்ப வரும் சார். நான் ஏறல. நான் பச்ச வண்டிக்காக உக்காந்துக்கினு இருக்கேன்."

பேச்சு வளர்ந்தது. பெயர் பிலோமினா. கூட்டேரிப்பட்டுக்கு உள்ளே மூன்று கிலோமீட்டரில் கிராமம். அங்கன்வாடி வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். இன்று ஆட்சியர் அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு, பன்னிரண்டரை மணிக்குள் அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். காலையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓடும் பச்சை நிறத் தனியார் வண்டியில் வந்தவர், கூடையை எடுத்துக்கொண்டார், குடையை எடுத்துக்கொண்டார், ஃபைலை இருக்கையிலேயே விட்டுவிட்டார். ஜெராக்ஸ் கடையில் போய் நின்றபோதுதான் தெரிந்தது. ஓடி வருவதற்குள் ஒன்பது மணிக்கு வண்டி திண்டிவனத்துக்குத் திரும்பிவிட்டது.

"பத்தாவது, பன்னெண்டாவது, சாதிச் சான்று, எல்லாம் ஒரிஜினல் சார். இந்த வாட்டி வுட்டா எனக்கு வயசு தாண்டிடும். அப்புறம் ஆயுசுக்கும் கொல்லையில கூலிக்கு மல்லாட்டை புடுங்கப் போவ வேண்டியதுதான்."

நடத்துனர் எண் இல்லையா என்றேன். ஆள் புதிது, எண் தெரியாது என்றார். பிறகு ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றேன்.

"பதினொன்னரைக்குள்ள வண்டி திரும்ப இங்கதான சார் வரும். சீட்டு ஞாபகம் இருக்குது. பின்பக்க படிக்கு முன்னால மூணாவது சீட்டு, ஜன்னல் ஓரம். கம்பில செவப்புத் துணி கட்டி இருக்கும்."

இங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. பையிலிருந்து நான்கு அட்டைகளையும் எடுத்து பெஞ்சில் வரிசையாக வைத்துவிட்டேன். கெ, ஜோ, ச்சியோ, ஜியென். செதுக்கு, படகு, தேடு, வாள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய கதை இது. சூ என்ற நாட்டைச் சேர்ந்த ஒருவன் படகில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தான். நடு ஆற்றில் அவன் வாள் நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவன் பதறவில்லை. கத்தியை எடுத்துப் படகின் விளிம்பில் ஒரு கோடு செதுக்கினான். என் வாள் விழுந்த இடம் இதுதான் என்றான். படகு கரை சேர்ந்து நின்றதும், கோட்டுக்கு நேர்கீழே தண்ணீரில் இறங்கித் தேடினான். படகு நகர்ந்துவிட்டது, வாள் நகரவில்லை. காலம் மாறிய பிறகும் பழைய சட்டத்தையே பிடித்துக்கொண்டு தொங்கும் அரசர்களைக் குத்திக்காட்ட அறிஞர்கள் சொன்ன கதை. இன்றைக்கும் சூழ்நிலை மாறியது தெரியாமல் பழைய அடையாளத்தையே நம்பியிருப்பவர்களைச் சீனர்கள் இந்த நான்கு எழுத்தால்தான் கிண்டல் செய்கிறார்கள்.

"நீங்க சொல்ற மூணாவது சீட்டு அந்தக் கோடு மாதிரிதாம்மா" என்று முடித்தேன். "யாராவது எடுத்துட்டுப் போயிட்டா? என்கூட வாங்க. நம்ம வண்டி நேரா பைபாஸ்ல போயிடும். அது ஊர் ஊரா நின்னுதான் போவும். திண்டிவனத்துலேயே பிடிச்சிடலாம்."

அவர் அட்டைகளைப் பார்த்தார், என் கண்ணாடியைப் பார்த்தார். "படிச்சவங்க சொல்றீங்க, சரியாத்தான் இருக்கும்" என்று குடையை எடுத்துக்கொண்டார்.

ஒன்பது இருபதுக்குப் பேருந்து கிளம்பியது. திண்டிவனத்துக்குத் தலைக்கு நாற்பது ரூபாய். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் நெல்லும் கரும்பும், இடையிடையே வீட்டுமனை விற்பனைக் கொடிகள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டும்வரை நான் மிகுந்த மகிழ்ச்சியோடு இருந்தேன். ஒருவருக்கு உதவுகிறோம் என்ற நினைப்பைப் போல வெயில் தெரியாமல் பயணம் செய்ய வைப்பது வேறெதுவும் இல்லை.

பிறகு வண்டி நின்றது. முன்னால் பாலம் கட்டும் வேலை. எங்கள் பக்கச் சாலை முழுக்க லாரிகள். எதிர்ப்பக்கம் போக்குவரத்து தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம், இருபது நிமிடம், முக்கால் மணி நேரம். ஓட்டுநர் இறங்கி நிழலில் நின்று வெற்றிலை போட்டுவிட்டு வந்தார். பிலோமினா என் பக்கம் திரும்பினார்.

"ஒன்னு கேக்கலாமா சார்? அந்தாளு கத்தி தண்ணில வுழுந்துச்சு."

"ஆமாம்."

"என் ஃபைலு படகுலயேதான இருக்குது?"

குவாங்சோவில் நான்கு வருடம் படித்ததும், திருச்சியில் மூன்று மேடைகளில் இதே கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியதும் அந்த ஒரு கேள்வியில் போயிற்று. வாள் ஆற்றில் விழுந்தவனுக்குக் கோடு உதவாது. படகுக்குள்ளேயே விட்டவளுக்குப் படகு திரும்பி வரும் துறையில் உட்கார்ந்திருப்பதுதான் புத்திசாலித்தனம். அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். நான்தான் எழுப்பிக் கூட்டி வந்தேன்.

பத்தே முக்கால். வண்டி ஒருவழியாக நகர்ந்து கூட்டேரிப்பட்டை நெருங்கியது. பிலோமினா ஜன்னல் கம்பியைப் பிடித்தார். "அதோ போவுது சார்" என்றார் மெதுவாக. சாலையின் நடுவே அரளிச் செடிகளுக்கு அந்தப் பக்கம், நெரிசலுக்கு முன்பே திண்டிவனம் போய்த் திரும்பிய பச்சை வண்டி விழுப்புரத்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. "நீங்க திண்டிவனம் போங்க சார், கிளாஸு இருக்குதில்ல. நான் எறங்கி ஜல்தியா திரும்பிப் போய்க்கிறேன்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவரோடு நானும் இறங்கினேன். ஆரோக்கியசாமிக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். "உன் வாய் இருக்கே" என்று ஆரம்பித்தவன், வகுப்பை இரண்டு மணிக்குத் தள்ளி வைப்பதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தான்.

சாலையைக் கடந்து நின்றோம். பதினொரு மணிக்கு ஒரு பேருந்து கிடைத்தது. உட்கார இடமில்லை. விழுப்புரம் வரை பிலோமினா வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து, நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பதினொன்று முப்பத்தெட்டு. காலையில் அவர் பார்த்துக்கொண்டிருந்த அதே தடத்தில் பச்சை வண்டி நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, புறப்பட இன்னும் ஏழு நிமிடம். கூட்டம் பிதுங்கியது. பிலோமினா பின்படி வழியாக உள்ளே நுழைந்தார், நான் அவர் பின்னால்.

பின்பக்கப் படிக்கு முன்னால் மூன்றாவது இருக்கை. ஜன்னல் கம்பியில் சிவப்புத் துணி. சுற்றிலும் பத்துப் பேர் நின்றுகொண்டிருக்க, ஜன்னலோரத்தில் நீல நிற ஃபைல் ஒன்று தனியாக, சொகுசாக உட்கார்ந்திருந்தது.

பிலோமினா கை நீட்டினார். "யம்மா, ஆளு வருது, கைய வைக்காத" என்றார் பக்கத்து இருக்கைப் பெண்மணி.

"அந்த ஆளு நான்தாங்க" என்று சொல்லி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிலோமினா அழுதுவிட்டார்.

நடத்துனர் எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் சிரித்தார். "காலைல போவசொல்ல ஒரு பெரியவரு மடியில வச்சிக்கினு வந்தாரு அக்கா. திண்டிவனத்துல எறங்கறப்ப சீட்டு மேலயே வச்சிட்டுப் போய்ட்டாரு. அங்க ஏறுன ஜனம் யாரோ எடம் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்காங்கன்னு இங்க வரைக்கும் நின்னுக்கினே வந்துச்சு. இங்க ஏறுனவங்களும் அதையேதான் சொல்லிக்கினு நிக்கிறாங்க. நான் வேற ரெண்டு வாட்டி கேட்டேன், ஆளு வருது ஆளு வருதுன்றாங்க."

காலையில் எந்த கர்ச்சீப் என்னைக் கோபப்படுத்தியதோ, அதே வழக்கம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஒரு பெண்ணின் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் காவல் காத்திருக்கிறது. யாருக்கும் அவர் யாரென்று தெரியாது. வருவார் என்று மட்டும் எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துதான் அவர் பெஞ்சில் அவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

ஆட்சியர் அலுவலகத்துக்கு ஆட்டோவில் ஐந்து நிமிடம். வாசலில் இறங்கியபோது மணி பன்னிரண்டு ஆகவில்லை. என் எண்ணை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினார்.

மதியம் இரண்டு மணிக்குத் திண்டிவனத்தில் என் வகுப்பு நடந்தது. எட்டாம் வகுப்பு, நாற்பது பேர், நல்ல புழுக்கம். நான்கு அட்டைகளையும் கரும்பலகையில் சாய்த்துவைத்துக் கதையைச் சொன்னேன். பழைய பொருளையும் சொன்னேன். அதோடு பச்சை வண்டியையும் சொன்னேன். படகில் கோடு போடுவதற்கு முன்னால், தொலைந்தது தண்ணீரிலா படகிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்தேன். இரண்டாவது கதைக்குத்தான் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆரோக்கியசாமி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நான் முட்டாளான இடங்களில் மட்டும் உரக்கச் சிரித்தான்.

மாலை ஐந்தரை. திரும்புவதற்கு விழுப்புரம் பேருந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் ஓர் இருக்கையில் நான்கு அட்டைகளையும் வைத்துவிட்டு இறங்கி டீ வாங்கினேன், பன்னிரண்டு ரூபாய். எங்கள் திருச்சியிலும் துண்டு போடுகிறார்கள். ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன், ஐம்பது வருடமாக எரிச்சல்படுகிறேன். அதில் இவ்வளவு மரியாதை இருப்பதை வெளியூரில்தான் கண்டுகொள்ள முடிந்தது.

டீ பாதியில் இருக்கும்போது தொலைபேசி ஒலித்தது.

"அண்ணா, பிலோமினா பேசறேன். சர்டிபிகேட் எல்லாம் சரின்னுட்டாங்க. செவ்வாக்கிழம இன்டர்வியூ. பசங்க கிட்ட கதைய சொல்லிட்டீங்களா?"

சொல்லிவிட்டேன், உங்களையும் சேர்த்து என்றேன். சிரித்தார். பிறகு, "அந்தாளுக்குக் கத்தி கெடச்சுதாண்ணா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. கிடைக்கல."

"படகுல மத்த ஜனம் இருந்திருக்கும் இல்ல? அவங்கல்லாம் என்னா பண்ணிக்கினு இருந்தாங்க?"

இந்தக் கதையை எனக்குச் சொல்லித்தந்த ஆசிரியையும் கேட்காத கேள்வி. கோடு போட்டவனை எல்லோரும் பார்த்துச் சிரித்தோம், அவ்வளவுதான். "தெரியலம்மா. அவங்களப் பத்திக் கதைல ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அதான் கெடைக்கல" என்றார் பிலோமினா.

நடத்துனர் விசில் ஊதினார். ஏறினேன். வண்டி நிறைய ஜனம் நின்றுகொண்டிருந்தது. என் இருக்கையில் நான்கு அட்டைகளும் வைத்தபடியே இருந்தன.