முள் கவிழ்த்த இடத்தில் தோண்டியவர்கள்

காலையிலேயே சுடத் தொடங்கிவிடும் பாறையின் மேல் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றால், தலைக்கு மேலே எங்கிருந்தோ ஒரு நீண்ட சீழ்க்கை இறங்கிவரும். அண்ணாந்து பார்த்தால் கறுப்பாக ஒரு பொட்டு, இறக்கையை மடக்கிக்கொண்டு நேரே கீழே விழும். செத்தது போ என்று நினைக்கும்போது சட்டென்று மேலே எழும்பி, மறுபடியும் சீழ்க்கையோடு விழும். தாமல் பக்கம், எங்கள் காலனியை ஒட்டிய பாறைக் குன்றில் ஆடு மேய்த்த பிள்ளைகள் எல்லாரும் அதை "விழுந்தான் குருவி" என்போம். சாம்பல்தலை வானம்பாடி என்ற பெயரைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன்.

சாம்பல் உச்சியும் கறுத்த வயிறும் ஆணுக்குத்தான். பெண் மண் நிறம்; உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் போனாலும் தெரியாது. மண்ணாங்கட்டி ஓரமாகச் சின்னக் குழி பறித்து, புல்லும் முடியும் பரப்பி, விளிம்பில் பொடிக்கற்களை வைத்து முட்டையிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். மரத்தில் அதற்கு வேலையே கிடையாது. யார் வந்தாலும் தூரத்திலேயே தெரிகிற வெட்டவெளிதான் வேண்டும். அந்த வெட்டவெளிக்குத்தான் "தரிசு" என்று பெயர் வைத்தார்கள். வைத்த புண்ணியவான் ஒரு பொழுதாவது அங்கே குந்தியிருந்து பார்த்திருப்பானா என்று எனக்கு இன்றும் ஆத்திரமாக வரும்.

ஆடு மேய்க்கும் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கூடு கண்ணில் பட்டால், காய்ந்த வேலிக்காத்தான் முள்ளை வெட்டிவந்து, குருவி நுழைய வழிவிட்டு அதன்மேல் கவிழ்த்துவிடுவார்கள். முள்ளைப் பார்த்ததும் பின்னால் வருகிறவள், "குஞ்சு வெச்சிருக்குது, ஆட்ட அந்தாண்ட ஓட்டு" என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போவாள். பக்தியும் இல்லை, பாடமும் இல்லை; வாசலில் கிடக்கும் குழந்தையைத் தாண்டாமல் சுற்றிப் போவோமே, அவ்வளவுதான்.

ஒரு ஆடி மாதம் அம்மா கவிழ்த்த முள்ளுக்கடியில் இரண்டு குஞ்சுகள் இருந்தன. இறகு முளைத்துவிட்டதா என்று தினமும் எட்டிப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. இன்னும் சில நாள் போயிருந்தால் தாமாகவே ஓடிப்போயிருக்கும். அதற்குள் டவுனிலிருந்து வேனில் பேனரும் மரக்கன்றுகளுமாக ஒரு கூட்டம் வந்து இறங்கியது. எங்கள் பக்கம் கன்று நட்டால் ஆடு கடிக்காமலிருக்கச் சுற்றிலும் முள் போடுவது வழக்கம். எங்கள் முள்ளைப் பார்த்த அவர்களுடைய தலைவர், "முள்ளு போட்டே வெச்சிருக்குது, போன வருசக் குழி போல இருக்குது. கன்னு பட்டுப் போயிருக்கும், இதுலயே வெய்ங்கப்பா" என்றார்.

அம்மா சரிவிலிருந்து ஓடினாள். "குஞ்சு இருக்குதுங்கய்யா, கொஞ்சம் தள்ளி வெய்ங்க" என்று கெஞ்சினாள். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, ஆடுகளைப் பார்த்தார். "மேயற எடம் போயிடும்னு பயப்படறியாம்மா? மரம் வந்தா நெழலு உனக்குத்தானே" என்று சிரித்தார். காலனிப் பெண் எது சொன்னாலும் தன் ஆட்டுக்காகத்தான் சொல்வாள் என்று அவருக்கு முன்பே முடிவாகியிருந்தது. அதற்குள் கடப்பாறை இறங்கிவிட்டது.

போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் புங்கங்கன்றை, வாயில் பூச்சியோடு குருவிகள் இரண்டும் சுற்றிச் சுற்றி வந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்றைப் பிடுங்கி எறிந்தேன். அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

அன்றோடு அம்மா முள் கவிழ்ப்பதை நிறுத்திவிட்டாள். "முள்ளப் பாத்தா கடப்பாறையத் தூக்கினு வரானுங்க. வேணாண்டி" என்றாள். மற்றப் பெண்களும் நிறுத்தினார்கள். அடையாளம் இல்லாமல் போனதும் எங்கள் ஆடுகளே முட்டைகளை மிதித்தன. அந்தக் கூட்டமோ வருடா வருடம் வந்தது. கன்று சித்திரையில் கருகும், ஆடியில் புதுக்குழி தோண்டுவார்கள்.

இப்போது டவுன் பக்கம், செவிலிமேட்டில் இருக்கிறேன். சென்ற ஆடியில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "ஞாயித்துக்கெழம தாமல் பக்கம் மரம் நடப் போறோம் மேடம். வெறும் பாறை, ஒண்ணுமே இல்லாத எடம்" என்றார். எந்த இடம் என்று கேட்டேன். எங்கள் குன்றுதான். மனுஷர் பயந்து எழுந்துகொள்ளும் அளவுக்குக் கத்திவிட்டேன். முட்டை, பொடிக்கல், சீழ்க்கை எல்லாவற்றையும் கொட்டி, நாளைக்குக் காலையில் வாருங்கள், காட்டுகிறேன் என்றேன்.

அவர் வந்தார். இருவரும் அண்ணாந்தபடி வெகுநேரம் நின்றோம். வெயில் ஏறியது, பாறை சுட்டது. மேலிருந்து ஒரு சத்தமும் இறங்கவில்லை. ஒன்றுமே இல்லாத இடம் என்று அவர் நேற்றுச் சொன்னது சரியாகிவிட்டதே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

நல்ல மனிதர். "விடுங்க மேடம், மரம் வெச்சா குருவிங்க தானா வரும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, குழி எடுக்கத் தோதாக எங்கே மண் இருக்கிறது என்று காலால் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்.