எந்த வார்டு என்று கேட்டவர்

சென்ற ஆண்டு ஆடி மாதம், மலாக்கா ஆஸ்பத்திரியில், என்னைப் பெற்ற அம்மா என் முகத்தைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்று கேட்டாள்.

"சரோஜாம்மா. ஒன் மூத்த மவ" என்று காதருகே குனிந்து சொன்னேன். அவள் கண்கள் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தன. நெற்றியைத் தொட்டேன். சூடேறிய தோசைக்கல் மாதிரி இருந்தது. டைபாய்டு காய்ச்சல், மூன்றாவது வாரம்தான் ஆபத்து என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அது மூன்றாவது வாரம்.

மாரியாத்தாளை நம்பும் அக்கா தங்கைகளே, அன்றைக்கு எனக்கு நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அப்பா ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்து நகராண்மைக் கழகத்தில் சாலை வேலைக்குச் சேர்ந்தவர். மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் ஒரு பலகை வீட்டில் குடியிருக்கிறோம். அம்மா சீனர் வீடுகளில் துணி துவைத்தாள். இரண்டு பேருக்கும் கையெழுத்து கிடையாது, பெருவிரல்தான். நான் ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்பு வரை படித்துத் தேறினேன். எங்கள் வம்சத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான்தான். தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "எம் மவளுக்கு மணி பாக்கத் தெரியும்" என்று அம்மா துணி துவைக்கும் வீடுகளில் எல்லாம் சொல்லித் திரிந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும் அந்தப் பெருமை போய்விடவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு வராது.

ஆடி பிறந்த புதிதில் ஒரு மாலை, எங்கள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மஞ்சள் சேலை, இடுப்பில் வேப்பிலை, வெறுங்கால். "ஆத்தாளுக்கு மடிப்பிச்சை போடுங்கம்மா" என்று முந்தானையை ஏந்தினாள். மடிப்பிச்சை நம் எல்லோருக்கும் தெரிந்த நேர்த்திதான். வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால், முன்பின் தெரியாத வீடுகளில் மடியேந்தி அரிசி வாங்கி, அதைக் கூழாகக் காய்ச்சி ஆத்தாளுக்கு ஊற்ற வேண்டும். வீட்டு அரிசி சேராது. சொந்தக்காரர் கொடுக்கும் அரிசியும் சேராது. ஆனால் அந்த வருடம் ஊரில் ஒரு பேச்சு இருந்தது. யாரோ சிலர் மஞ்சளைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக அரிசி வாங்கி, பசாரில் கொண்டுபோய் விற்கிறார்கள் என்று.

எனக்கு ஏமாறுவது பிடிக்காது. படித்தவள் ஏமாறலாமா? கேட்க ஆரம்பித்தேன்.

"எந்தப் பக்கம் நீ?"

"பத்து பெரெண்டாம் ஊரும்மா."

"அங்க வீடே இல்லையா? இவ்வளவு தூரம் ஏன் வந்தே?"

"தெரியாத வூட்லதானம்மா கேக்கணும்."

"யாருக்கு நோவு?"

"எம் புள்ளைக்கும்மா. ஆஸ்பத்திரில கெடக்குது."

"என்ன நோவுன்னு சொன்னாங்க?"

"என்னமோ இங்கிலீஸ்ல சொன்னாங்கம்மா. எனக்கு வாயில வரல."

"நோவு பேரே தெரியாம நேர்த்தியா? வேற வீடு பாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

பின்கட்டிலிருந்து அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். "என்னாடி இது! ஆத்தா பேரச் சொல்லி வந்தவள கோர்ட்டுல நிக்க வெச்ச மாதிரி நிக்க வெக்கற!" அரிசியை ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு தெருவுக்குப் போனாள். அந்தப் பெண்ணைக் காணவில்லை. அம்மா அரிசியோடு திரும்பி வந்து, "ஒடம்பு என்னமோ பண்ணுதுடி" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அன்றே காய்ச்சல் கண்டது. வெறும் சளிக்காய்ச்சல் என்று நினைத்தோம். கஷாயம் கொடுத்தோம், மாத்திரை கொடுத்தோம். காய்ச்சல் இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அம்மா அப்பாவின் கையைப் பிடித்து, "நான் எழுந்திரிச்சதும் மடிப்பிச்சை எடுத்துக் கூழு ஊத்தறேன்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். அவள் எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் பதிலாக நீ எடு என்று அப்பா என்னிடம் கேட்கவில்லை. என் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அவர் ஏன் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தேன். டீச்சர் தெருவில் பிச்சை எடுப்பதா? நாளைக்குப் பிள்ளைகள் முன்னால் எப்படி நிற்பேன்?

"நீ யாரும்மா?" என்று அம்மா கேட்ட பிறகுதான் நான் உடைந்தேன்.

தலைக்குக் குளித்தேன். அம்மாவின் மஞ்சள் சேலையைக் கட்டி, இடுப்பில் வேப்பிலை செருகினேன். செருப்பைக் கழற்றினேன். கடிகாரத்தை மட்டும் கழற்றவில்லை. ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் தவறக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. அது கையில் இருக்கும்வரை நான் பிச்சைக்காரி இல்லை.

முதல் வீட்டு வாசலில் நின்றுவிட்டுக் கேட்காமலே நகர்ந்தேன். இரண்டாவது வீட்டில் கேட்டேன். "போன வாரம்தான் ஒருத்தி வாங்கிட்டுப் போனா. போ, போ" என்று சன்னலை மூடினார்கள். அடுத்த வீட்டில் நாய் குரைத்தது, ஆள் வரவில்லை. வெயில் சுட்டது. தார்ச்சாலையில் பாதம் பொத்துப் போனது. தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிற ஒரு மலாக்காச் செட்டி வீட்டு வாசலில் நின்றேன். அந்த வீட்டு அம்மாவுக்குத் தமிழ் பேச வராது, ஆனால் மஞ்சள் சேலையும் வேப்பிலையும் தெரியும். "சியாப்பா சாக்கிட்?" என்று மலாயில் கேட்டார், யாருக்கு உடம்பு சரியில்லை என்று. "மாக்" என்றேன், அம்மாவுக்கு. அவ்வளவுதான். உள்ளே போய் இரண்டு கையிலும் அரிசி அள்ளி வந்து என் மடியில் போட்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான்.

அதற்கு அடுத்த தெருவில்தான் அவரைச் சந்தித்தேன். முத்துக்கருப்பன் அவர் பெயர். பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கும் செக்கர் வேலை. அவர் மனைவி கமலம் அரிசியோடு வாசலுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே இவர் வந்தார்.

"நில்லு, போடாதே. அந்தக் கையைப் பாரு. பிச்சை எடுக்கற கையில வாட்சு!"

"நான் டீச்சர்" என்றேன்.

"டீச்சரா! அப்ப நாளைக்குக் கவர்னர் பொஞ்சாதி வருவாங்களா?"

கமலம் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஆத்தாளுக்கு மடியேந்தி வந்த பொண்ணுகிட்ட டிக்கெட் கேக்கற ஆளு இந்த ஒலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான்."

"கேக்காம வுட்டா பஸ்ஸு பூராவும் ஓசிதான். நீ சும்மா இரு." என் பக்கம் திரும்பினார். "யாருக்கு நோவு?"

"எங்கம்மாவுக்கு."

"என்னா நோவு?"

"டைபாய்டு."

"எந்த வார்டு?"

சொன்னேன். அவர் நம்பவில்லை என்று முகமே சொன்னது. பெயர் தெரிகிறது, வார்டு தெரிகிறது, அதனால் நன்றாகப் பாடம் பண்ணிக்கொண்டு வந்தவள் என்று நினைத்திருப்பார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. பசி, வெயில், வெட்கம், எல்லாம் சேர்ந்து வெடித்தது.

"சந்தேகமா இருந்தா வந்து பாருங்க! இப்பவே வாங்க! பொய்னா என்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுங்க!"

"நெசம்னா?"

"நெசம்னா ஒண்ணும் வேணாம். ஒங்க அரிசியும் வேணாம்" என்றேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். உண்மையாகவே புறப்பட்டுவிட்டார்! கமலம் அக்கா ஓடி வந்து என் மடியில் அரிசியைக் கொட்டி, "அவரு கெடக்கறாரு, நீ போம்மா" என்றார்.

வழியெல்லாம் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கூடவே வந்தார். அப்பா பேர் என்ன, எந்தப் பள்ளிக்கூடம், தலைமையாசிரியர் யார் என்று கேட்டுக்கொண்டே வந்தார். திருடியைப் பிடித்துப் போவது போல ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் மடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆத்தா, இதுவும் உன் சோதனையா என்று மனசுக்குள் கேட்டேன்.

வார்டு வாசலில் அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"ரத்தமா போவுது சரோ. குடல்ல புண்ணாம். ஒடம்புல ரத்தம் ஏத்தணும்கறாரு டாக்டரு. என்னோடது சேரலையாம்."

என் கையில் ஊசி குத்திப் பார்த்தார்கள். என்னுடையதும் சேரவில்லை. அவள் வயிற்றில் பிறந்த என் இரத்தம் அவளுக்கு உதவவில்லை. சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். இரத்தம் கொடுத்தால் ஆயுசு குறையும் என்று அவர் வரவில்லை. வேறு யாரைக் கேட்பது? எங்களுக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? கட்டிலில் அம்மா வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துக் கிடந்தாள். உதடும் வெள்ளை. படிப்பு, சர்டிபிகேட், கடிகாரம் எதுவும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றுக்கும் ஆகவில்லை.

வாசலில் நின்று கும்பிடப் பார்த்தேன். என் இரண்டு கையும் மடியைப் பிடித்திருந்தன. விட்டால் அரிசி கொட்டிப் போகும். ஆத்தாளைக் கும்பிடக்கூட எனக்குக் கை இல்லை. அப்படியே நின்றேன். "தாயே, எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சேன். ஒண்ணும் தெரியல. யாருகிட்ட கேக்கறதுன்னுகூடத் தெரியல. எங்கம்மாவைக் குடு" என்று வாய்விட்டு அழுதேன். என் வாழ்நாளில் மனசார வேண்டிய முதல் வேண்டுதல் அதுதான்.

அழுகையின் நடுவே பின்னால் ஒரு குரல் கேட்டது.

"இந்தா மிஸ்ஸி, எவ்வளவு எடுப்பீங்க?"

திரும்பிப் பார்த்தேன். செக்கர், தாதியை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வந்ததையே நான் மறந்திருந்தேன்.

"ஊசிய கொதிக்க வெச்சீங்களா? எடுத்தா தலை சுத்துமா? நாளைக்கு டியூட்டிக்குப் போவ முடியுமா?"

"முடியும். மொதல்ல சேருதான்னு பாக்கணும்" என்றார் மிஸ்ஸி.

"அப்ப பாருங்க." என்னை அவர் பார்க்கவே இல்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "எனக்கு ஊசின்னா சின்ன வயசுலேருந்து பயம்" என்று சுவரிடம் சொன்னார்.

சேர்ந்தது.

என் இரத்தம் சேராத இடத்தில், என்னைப் பொய்க்காரி என்று நிரூபிக்க வந்தவரின் இரத்தம் சேர்ந்தது. இதை நான் என்னவென்று சொல்ல? நான் அரிசி கேட்டுப் போனேன். ஆத்தா அரிசியோடு ஒரு சந்தேகக்காரரையும் அனுப்பினாள். வீட்டுப் பொருள் நேர்த்திக்குச் சேராது, தெரியாதவர் கையிலிருந்துதான் வர வேண்டும் என்று நம் தாய்மார்கள் சொன்னதன் அர்த்தத்தை அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலை அம்மா கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். என் சேலையைப் பார்த்தாள். மெல்லக் கேட்டாள்: "மடி நெறஞ்சுதாடி?"

நிறைந்தது அம்மா, நிறைந்தது.

அவள் தேறுவதற்குப் பல நாள் ஆயின. அந்த நாட்களில் ஒரு மத்தியானம், ஒரு வேலை செய்தேன். பிள்ளைகள் வார்டுக்குப் போனேன். "பத்து பெரெண்டாத்திலேருந்து ஒரு அம்மா, மஞ்சள் சேலை கட்டியிருப்பாங்க, அவங்க பிள்ளை இங்க இருக்கா?" என்று கேட்டேன்.

"பிள்ளை பேரு என்ன?" என்றார் அங்கிருந்த மிஸ்ஸி.

எனக்குத் தெரியவில்லை. ஊர் கேட்டேன், காரணம் கேட்டேன், நோயின் பேரைக் கேட்டேன். பிள்ளையின் பேரைக் கேட்கவில்லை. ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்து வந்தேன். அந்தப் பெண்ணைக் காணவில்லை. அவள் சொன்னது பொய்யாக இருக்கலாம். உண்மையாக இருந்து, அந்தப் பிள்ளை சுகமாகி வீட்டுக்குப் போயிருக்கலாம். வேறு மாதிரியும் ஆகியிருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது. ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அந்தப் பெண் வந்த அன்று மாலையே நான் போய்ப் பார்த்திருக்கலாம்.

அம்மா வீட்டுக்கு வந்தபோது ஆடி முடிந்திருந்தது. ஆகஸ்டு கடைசியில் வரும் சுதந்திர நாளுக்கு ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். "நேர்த்திக்கு மாசம் பாக்க வேணாம்" என்று பூசாரி சொன்னார். அந்த மடி அரிசியில் கூழ் காய்ச்சினோம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று முதல் கரண்டியை ஆத்தாளுக்கு ஊற்றினாள். கமலம் அக்கா வரிசையில் நின்று எல்லோருக்கும் பரிமாறினார். செக்கரும் வந்திருந்தார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே உற்றுப் பார்த்தார்.

"டீச்சர், இது நெசமாவே பிச்சை எடுத்த அரிசிதானா? இல்ல, கடையில வாங்குனதா?"

"நெசந்தாண்ணே. ஒங்க வீட்டு அரிசியும் இதுல இருக்கு."

"என் பொஞ்சாதி என்னைக் கேக்காம போட்டது" என்று சொல்லிவிட்டுக் குடித்தார். அம்மா சிரித்தாள். அவள் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது.

சகோதரிகளே, ஆத்தா பேரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கேட்காமல் கொடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். கேளுங்கள். செக்கர் அண்ணன் கேட்ட மாதிரிக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே போய்ப் பாருங்கள். பொய்யாக இருந்தால் உங்களுக்கு ஒரு நடை நஷ்டம். உண்மையாக இருந்தால், அந்தக் கட்டிலில் கிடப்பவருக்கு உங்களிடம் இருக்கிற எதுவோ ஒன்று சேரும். எது என்று உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. ஆத்தாளுக்குத் தெரியும்.

இந்த ஆடியிலும் எங்கள் வாசலுக்கு மஞ்சள் சேலைகள் வருகின்றன. என் கடிகாரம் கையில்தான் இருக்கிறது. அரிசியைப் போட்டுவிட்டு, முதலில் நோயாளியின் பேரைக் கேட்கிறேன். பிறகு, எந்த வார்டு என்று கேட்கிறேன். பார்வை நேரத்துக்குப் போய்விடுகிறேன்.