சீஸ் உருகிய தோசைக்கல்

சேலையூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கறி, மீன், முட்டை எதுவும் கேட்டுக்கு உள்ளே வரக்கூடாது. வீடு பார்க்கப் போன அன்றைக்கே மாடியில் இருந்த ஓனர் அங்கிள், நீங்க வெஜிடேரியன்தானே என்று கேட்டிருக்கிறார். நான்கு மாதமாக ஞாயிறு தவறாமல் வீடு தேடி அலுத்துப்போயிருந்த அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் மூன்று வருஷம் ஓட்டினோம்.

நேர்மையாகத்தான் ஓட்டினோம். கறி தின்ன ஆசை வந்தால் பொழிச்சலூரில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போவோம், தின்போம், வாயைக் கொப்பளித்துக்கொண்டு திரும்புவோம். அந்த வீட்டை விடக்கூடாது என்பதில் அம்மா மிகவும் உறுதி. அவள் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடம் நடந்து போனால் ஐந்து நிமிஷம், நானும் அங்கேயே படித்தேன். கேம்ப் ரோட்டில் போய் நின்றால் அப்பாவுக்குத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு பஸ். கோடையில் தெருவே லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும்போது எங்கள் கிணற்றில் வாளி நிறையும். இப்படி ஒரு வீடு இனிமேல் கிடைக்காது என்று அம்மா சொல்லாத மாதம் இல்லை.

நான் ஆறாம் வகுப்புக்குப் போனபோது எங்கள் கேபிளில் ஒரு வெளிநாட்டுச் சமையல் சேனல் வந்தது. அதில் ஒரு தாடிக்காரர் மாட்டுக்கறியைத் தாள் மாதிரி சீவினார். புகை கிளம்பும்வரை காய்ந்த இரும்பின் மேல் அதைப் போட்டு, வெங்காயமும் குடைமிளகாயும் சேர்த்துப் பிரட்டி, மேலே சீஸைப் போர்த்தினார். சீஸ் இளகி வழிய ஆரம்பித்ததும் மொத்தத்தையும் நீளமான ஒரு பன்னுக்குள் தள்ளினார். பன்னை வெட்டிப் பிரித்தபோது சீஸ் இரண்டு பாதிக்கும் நடுவே நூல் நூலாகத் தொங்கியது. எனக்கு அதற்குப் பிறகு ஒரு வாரம் பாடம் ஏறவில்லை. சமூக அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த சாண்ட்விச்சைக் குறுக்கு வெட்டாக வரைந்து பாகங்களைக் குறித்தேன்.

செய்து தரக்கூடியவர் என்று எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். அம்மாவின் தம்பி, என் மாமா. கேட்டரிங் படித்துவிட்டு, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு கிச்சனில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். நோட்டைக் காட்டினேன். இதெல்லாம் எங்களுக்கு டெய்லி வேலை பாப்பா, கண்ணை மூடிக்கினு பண்ணுவேன் என்றார். அங்கே அவருக்குக் கொடுத்திருந்தது வெள்ளரிக்காய் வெட்டுகிற வேலை என்பதும், அடுப்புப் பக்கம் அவரை யாரும் விட்டதே இல்லை என்பதும் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது.

அம்மா பதினைந்து நாள் முடியாது என்றாள். பெரியம்மா வீட்டில் வைத்துச் செய்யலாமே என்றால், பெரியம்மா தன் அடுப்பை ஆண்களுக்கு விடமாட்டாள். கடைசியில் அம்மா இறங்கி வந்தது எதனால் என்று தெரியவில்லை. அவளும் அந்தச் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரியும். ஆனால் கணக்கு டீச்சர் அல்லவா, நிபந்தனைகளை அடுக்கினாள். மாடு கூடாது, ஆட்டுத்தொடைதான். மாடியில் யாரும் இல்லாத நாளாக இருக்க வேண்டும். வீட்டுப் பாத்திரத்தைத் தொடக்கூடாது. பரணில் கிடந்த பழைய அலுமினிய வாணலி ஒன்றை இறக்கிக் கொடுத்தாள். வேலை முடிந்ததும் அது அப்படியே பெரியம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓனர் அங்கிளும் ஆன்ட்டியும் திருநீர்மலைக்குக் கிளம்பினார்கள். ஆட்டோ தெருமுனையில் திரும்பிய கால் மணியில் மாமா பைக்கில் வந்து இறங்கினார். கறியை மூன்று கவர் போட்டுச் சுற்றி, அதன்மேல் ஒரு துணிக்கடைப் பையும் போட்டிருந்தார். ஜன்னல்களைச் சாத்தினோம். வாசற்கதவின் அடியில் ஈரத்துண்டு. சாமி படத்துக்கு முன்னால் ஒரே நேரத்தில் எட்டு ஊதுபத்தி. அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு கேட் அருகில் போய் உட்கார்ந்தார், காவலுக்கு. அம்மா முன்னறையில் சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பரீட்சைப் பேப்பர் திருத்த ஆரம்பித்தாள்.

மாமா கறியை அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்து விறைக்கவிட்டு, மெல்லிசாகச் சீவி, பப்பாளிக்காய் விழுதும் மிளகுத்தூளும் பிசறி வைத்தார். அதுவரைக்கும் நிஜமாகவே விமானக் கிச்சன் போலத்தான் இருந்தது. வாணலியில் கறியைப் போட்டதும் எல்லாம் போயிற்று. கறி தண்ணீர் விட்டது. விட்ட தண்ணீரிலேயே கிடந்து கொதித்தது. தாடிக்காரரிடம் சீறியது, இங்கே முனகியது.

"சிவக்க மாட்டேங்குது பாப்பா. இந்தச் சட்டி வெறும் தகரம். சூடு நிக்கணும்னா நல்ல வெயிட்டா, தட்டையா இரும்பு ஏதாவது வேணும்."

நல்ல வெயிட்டாகத் தட்டையாக இரும்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சிலிண்டருக்குப் பின்னால் கை விட்டுத் தோசைக்கல்லை உருவினேன். அம்மாவுக்குக் கல்யாணத்தில் வந்த கல். வெங்காயமும் எண்ணெயும் தேய்த்துத் தேய்த்து அவள் பழக்கியது. தோசை ஒட்டவே ஒட்டாது. மாடிக்கு விருந்தாளி வந்தால் ஓனர் ஆன்ட்டிகூட அதைத்தான் வாங்கிக்கொண்டு போவார்.

மாமா கல்லைப் பார்த்தார், முன்னறைப் பக்கம் பார்த்தார். அக்கா கொன்னுடும் என்றார். கழுவி வச்சிடலாம் மாமா, யாருக்குத் தெரியப் போவுது என்றேன். அந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது. அன்றைக்கு அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கல்லில் கறி விழுந்ததும் சீறியது. ஓரம் முறுகிப் பழுப்பானது. வெங்காயம், குடைமிளகாய், மேலே இரண்டு சீஸ் ஸ்லைஸ். ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து ஒரு தட்டைக் கவிழ்த்தார். ஒரு நிமிஷம் கழித்துத் தட்டை எடுத்தால் சீஸ் கறிக்குள் இறங்கி, கல்லிலும் ஒழுகி, ஒழுகியது பொரிந்துகொண்டிருந்தது. பேக்கரி நீள பன்னை வெண்ணெய் தடவி அதே கல்லில் கவிழ்த்துப் போட்டார். முதல் வாயிலேயே நாக்கு வெந்துபோனது. இருந்தும் நிறுத்தவில்லை. அப்பா காவலுக்கு நடுவே உள்ளே வந்து ஒன்றரை தின்றார். அம்மா பாதி வாங்கி, நின்றுகொண்டே தின்றுவிட்டு, மிளகு ஜாஸ்தி என்றாள். மறுபடியும் வந்து இன்னொரு பாதி எடுத்துக்கொண்டு போனாள்.

கல்லை நானும் மாமாவும் சோப்புத்தூள் போட்டு இரண்டு தடவை கழுவி, இருந்த இடத்தில் செருகினோம். மாமா வாணலியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். ஓனர் ஆன்ட்டி மாடிப்படியில் பாதி இறங்கி நின்று கூப்பிட்டார்.

"பாப்பா, அம்மாவோட கல்லை எடுத்தாம்மா. கோயில்ல சொந்தக்காரங்களைப் பார்த்தோம், எட்டு பேரு கூடவே வந்துட்டாங்க. ஒரு கல்லை வச்சிக்கிட்டு என்னால ஆவாது."

இல்லை என்றால் சந்தேகம் வரும் என்று நொடியில் கணக்குப் போட்டேன். ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். குளித்துவிட்டு வந்த அம்மாவிடம் அதை ஒரு சாமர்த்தியமாகவே சொன்னேன். தலை துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"காலையில எதுல பண்ணீங்க?"

வாணலியில்தான் ஆரம்பித்தோம் என்றேன். அவள் ஈரத்தலையோடு மாடிப்படி ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

மேலே கூடத்தில் அந்த எட்டுப் பேரும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆன்ட்டி காய்ந்த கல்லில் தண்ணீர் தெளித்துவிட்டு, முதல் கரண்டி மாவை எடுத்த கையோடு நின்றிருந்தார். அம்மா சமையலறை வாசலில் நின்று சொன்னாள்.

"அந்தக் கல்லுல ஊத்தாதீங்க. காலையில அதுல கறி பண்ணிட்டாங்க. எனக்கு இப்பதான் தெரியும்."

ஆன்ட்டி கரண்டியை மாவிலேயே வைத்தார். அடுப்பை அணைத்தார். கூடத்தில் யாரோ சட்னியைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"முன்னாடி நான் வாங்கினப்பல்லாம்?"

"முன்னாடி இல்லீங்க. இந்த வீட்ல இன்னைக்குத்தான். சத்தியமா."

ஆன்ட்டி ஒரு பழந்துணியை நாலாக மடித்து, கல்லின் பிடியில் சுற்றி, அம்மாவிடம் நீட்டினார். "பார்த்து. சூடு" என்றார். அவ்வளவுதான். நாங்கள் இறங்கும்போது அவர் உப்புமாவுக்கு ரவை எடுத்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து ஓனர் அங்கிள் அப்பாவைக் கூப்பிட்டு, பெங்களூரில் இருக்கும் மகன் இங்கேயே வரப்போகிறான், முழுப்பரீட்சை முடிந்ததும் வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தால் நன்றாயிருக்கும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அட்வான்ஸில் ஒன்றும் பிடிக்கவில்லை. அந்த மகன் வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. விஷயம் தெரிந்து ஓடி வந்த மாமா அம்மாவிடம் சண்டை போட்டார். சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவினது, நாயைக் கூட்டிவந்து மோந்து பார்க்கவிட்டாலும் தெரிஞ்சிருக்காது, உன்னை யார் அக்கா போய்ச் சொல்லச் சொன்னது என்றார். அம்மா அவருக்குச் சாப்பிடத் தட்டு வைத்தாள்.

நானும் மாமா கட்சிதான். சொல்லியே ஆகவேண்டும் என்றால் சொல்வதற்கு வேறு எத்தனையோ இருந்தன. கல்லில் விரிசல் என்று சொல்லியிருக்கலாம். எங்களுக்கும் விருந்தாளி வந்துவிட்டார்கள் என்று திருப்பி வாங்கியிருக்கலாம். இப்படி ஏழெட்டு பொய்களை நான் பிற்பாடு உட்கார்ந்து தயாரித்தேன். ஒவ்வொன்றும் அம்மா சொன்னதைவிட நன்றாக இருந்தது.

பெரியம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, பொழிச்சலூரிலேயே வீடு கிடைத்தது. இனி அம்மா பள்ளிக்கூடம் போக இரண்டு பஸ் மாற வேண்டும். சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டு, அப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார, நானும் அம்மாவும் பின்னால் டிவிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வண்டி கேம்ப் ரோட்டைத் தாண்டியதும் மனதில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நீ சொல்லாம இருந்திருந்தா நம்ம இங்கயே இருந்திருக்கலாம்லம்மா?"

"இருந்திருக்கலாம்" என்றாள் அம்மா.

நான் எதிர்பார்த்தது ஒரு திட்டு. இல்லாவிட்டால் ஒரு விளக்கம், கண்ணீர், ஏதாவது. ஏழாம் பக்கத்து மூன்றாம் கணக்குக்கு விடை இதுதானே டீச்சர் என்று கேட்டால் சொல்வாளே, அந்தக் குரலில் சொல்லிவிட்டு, டிவி சரிகிறது பார், நன்றாகப் பிடி என்றாள். அவளுக்கு எல்லாமே தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் ஏன் மாடி ஏறினாள் என்று பொழிச்சலூர் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அம்மா நன்றாகப் படித்தவள்தான், ஆனால் அவசரத்தில் யோசிக்கத் தெரியாதவள் என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.