குடலிறக்கம் இல்லைங்க

கப்பலூரில் ஒரு சின்ன கம்பெனியில் வெல்டராக இருக்கும் ஜெய்சனுக்கு முப்பது வயதில் இடது விரையில் ஒரு கெட்டி தட்டுப்பட்டது. வலி இல்லாததால் விட்டுவிட்டான். அது பெரிதாவது தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஸ்கேன் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. புற்றுநோய்தான், இளவயது ஆண்களுக்கு வருவதுதான், விரையை எடுத்துவிட்டு மருந்து ஏற்றினால் பெரும்பாலும் குணமாகிவிடும் என்றார்.

தொடை இடுக்குக்கு மேலே கீறித்தான் எடுத்தார்கள். தழும்பு அங்கே விழுந்தது அம்மா ஜோசபினுக்கு வசதியாகப் போயிற்று. அவர்கள் குடியிருக்கும் கோச்சடையில் கேட்டவர்களிடமெல்லாம் குடலிறக்கம் என்றாள். மருந்தில் முடி கொட்டியபோது டைபாய்டு என்றாள்.

உடம்பு தேறியதும் பெண் பார்க்கப் போனார்கள். பெண் ஜாய்ஸ், மிஷன் பள்ளி ஆசிரியை. அவளுடைய அப்பா ஞானமுத்து அக்கறையாகத்தான் விசாரித்தார்.

"குடலிறக்கம் ஆபரேஷன்னு சொன்னாக. இப்ப சௌகரியமா தம்பி?"

ஜெய்சன் காபி டம்ளரைக் கீழே வைத்தான். "குடலிறக்கம் இல்லைங்க. விரையில கேன்சர். ஒன்ன எடுத்துட்டாங்க. இன்னொன்னு நல்லா இருக்கு. பிள்ளை பெறக்க தடையில்லன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"பொம்பளைக இருக்குற எடத்துல பேசுற பேச்சா இது?" ஞானமுத்து முகம் சுளித்தார்.

"உங்க பொண்ணு தெரிஞ்சுக்கிட்டுத்தானங்க சம்மதம் சொல்லணும்?"

ஜாய்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். சொல்லி அனுப்புகிறேன் என்று ஞானமுத்து எழுந்தார். அங்கிருந்து சொல் வரவேயில்லை.

ஜோசபின் அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு சொந்தக்காரி அவளை நிறுத்தினாள். "சம்பந்தம் தட்டிப்போச்சாமே ஜோசபின்? பையன் ஆம்பளையே இல்லன்னுல்ல பேசிக்கிறாங்க."

பின்னால் வந்த ஜெய்சன் வாயெடுப்பதற்குள் ஜோசபின் முந்திக்கொண்டாள்.

"புத்துநோய் வந்துச்சு. எடுத்தாச்சு. எம்மகன் பொழைச்சு வந்து தெனமும் வேலைக்குப் போறான். அவன் ஆம்பளையா இல்லையான்னு நீ ஒன்னும் சொல்ல வேணாம்."

வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஜெய்சன் கூட்டாளிகளிடமும் சொல்லிவிட்டான். "குளிக்கையில தடவிப் பாருங்கப்பா. கெட்டியா இருந்தா வெக்கப்படாம டாக்டர்கிட்ட காட்டுங்க."

சிரித்து உருண்டார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, மறுபடியும் முதலிலிருந்து சொன்னான்.