பேரையூர்த் தொட்டித் தண்ணீரில் சரசு

சென்ற சித்திரையில் என் மகள் சரசுவை அழைத்துக்கொண்டு மதுரையிலிருந்து பேரையூர் போய்வந்தேன். இளம்பிள்ளை வாதம் கண்ட பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார் சிலர் விவரம் கேட்டிருந்தார்கள். எழுத இப்போதுதான் முடிந்தது.

சரசுவுக்கு ஐந்து வயது. தை மாதக் காய்ச்சல் தணிந்தபோது வலது கால் துவண்டு கிடந்தது. "வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுக் காலை அசைக்கச் சொல்லுங்கள். கனத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். சும்மா விட்டால் கால் இறுகிவிடும்" என்றார் டாக்டரம்மா. வீட்டு அண்டாவில் அவள் உட்காரத்தான் முடிந்தது. வைகையிலோ வெறும் மணல். பேரையூர்ப் பக்கம் என் மதினியின், அதாவது கணவருடைய அக்காளின், தோட்டத்தில் பெரிய காரைத் தொட்டி இருப்பது நினைவுக்கு வந்தது.

திருமங்கலம் வரை பதின்மூன்று மைல், ரயிலில் போனோம். அங்கிருந்து கல்லுப்பட்டிக்குக் கரி பஸ், ஆளுக்கு ஆறணா. யுத்தத்தால் பெட்ரோல் கிடையாது, கரிப் புகையில்தான் ஓடுகிறது. ஒரு மேட்டில் நின்றேவிட்டது.

"அம்மா, நீங்க புள்ளையோட உக்காருங்க. மத்தவுக இறங்கித் தள்ளுங்க" என்றார் டிரைவர்.

"ஏண்ணே, டிக்கெட்டும் எடுத்து வண்டியையும் நாங்களே தள்ளணுமா?" என்றார் ஒருவர்.

"தள்ளாட்டி இங்கயே குடித்தனம் பண்ணு மாப்ள."

சரசு சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கல்லுப்பட்டியிலிருந்து ஐந்து மைல் மாட்டு வண்டி. மடியில் துணி மடித்துப் போட்டு அவள் காலைக் குலுங்காமல் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மதினியின் கணவர் கிணற்றில் கவலை ஏற்றம் பூட்டினார். மாடுகள் இழுக்க, பெரிய வாளியான சால் நிறைய ஏறிவரும் தண்ணீர் தொட்டியில் கொட்டியது.

"சால் தண்ணி விழுற எடத்துல காலைக் காட்டச் சொல்லும்மா. விழுற வேகத்துல நரம்பு முழிச்சுக்கிரும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். குளிர்ந்த தண்ணீர் மொத்தமாக விழுந்ததும் சரசு வீறிட்டாள். நல்ல காலும் விறைத்துக்கொண்டது. அன்று முழுக்கத் தொட்டிப் பக்கமே பார்க்க மறுத்துவிட்டாள்.

அடுத்த நாள் தொட்டியை நிரப்பி, மடையை அடைத்து, வெயிலில் விடச் சொன்னேன். மிளகாய்க்குத் தண்ணீர் பாயாதே என்று தயங்கினேன்.

"அவ குளிச்ச பெறகு திறந்துவிட்டுக்கிறேன். அதுக்குள்ள செடி கோவிச்சுக்கிட்டு எங்க போயிரப் போகுது?" என்றார் மதினியின் கணவர்.

பிற்பகலில் தண்ணீர் இதமாகச் சூடேறியிருந்தது. மிதப்பதற்காக இரண்டு அக்குளிலும் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டி, பிடரியைத் தாங்கியபடி நானும் இறங்கினேன். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் வலது காலின் கட்டைவிரல் அசைந்தது. பிறகு முழங்கால், மெதுவாக, தானாகவே மடங்கி நீண்டது.

"அடியே, கால் வந்திருச்சு!" மதினி அவளை வாரித் தூக்கித் தரையில் நிறுத்தினார். கால் மடிந்தது. சரசு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மதினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சரசு அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"தண்ணிக்குள்ள மட்டுந்தான் வருமாம்மா?"

"இப்போதைக்குத் தண்ணிக்குள்ளதான்" என்றேன்.

"அப்ப என்னைத் தண்ணியிலயே விடு" என்றாள். விட்டேன். பொழுது சாயும் வரை மிளகாய்க்கு மடை திறக்கவில்லை.

ஒரு மாதம் இருந்தோம். சரசு இப்போது இரும்புப் பட்டை கட்டி, சுவரைப் பிடித்து நாலடி வைக்கிறாள். அதற்கு மேல் வருமா என்று டாக்டரம்மா சொல்லவில்லை. போகிறவர்கள் காய்ச்சல் முற்றிலும் விட்ட பிறகு, டாக்டரைக் கேட்டுப் போங்கள். ஓடும் தண்ணீர் வேண்டாம். வெயிலில் சூடேறிய, நின்ற தண்ணீர்தான் நல்லது. மாற்றுத்துணி நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தண்ணீரிலிருந்து தூக்கும்போது அந்தக் காலின் கனம் அத்தனையும் திரும்பி வந்துவிடும். அந்த நேரத்தில் குழந்தை காலைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைத்தான் பார்க்கிறது. துண்டை விரித்துக்கொண்டு, ஏதாவது பேசிக்கொண்டே தூக்குங்கள்.